லைப்ரரி கோப்பைக் கருவி படிக்க மறுக்கிறதா? ராமநாதபுரம் கரையில் அடிக்கடி வரும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். எஞ்சின் வேலை, பெயின்ட் வேலையோடு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் வேலையும் அப்போதுதான் நடக்கும். இவற்றை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையோடு இணைத்து ஒரே திரையில் காட்டிவிடலாம் என்று பட்டறைத் தம்பிகளும் கல்லூரி ப்ராஜெக்ட் மாணவர்களும் இறங்குவார்கள். கருவி விற்றவர் மூல நிரலைத் தரமாட்டார். கம்பைல் செய்த, அதாவது இயந்திரக் கட்டளைகளாக மாற்றிய, லைப்ரரி (மற்ற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) ஒன்றை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார். அது திறக்காது. அங்கிருந்துதான் கேள்விகள் ஆரம்பிக்கும்.

பெரும்பாலும் லினக்ஸ் பற்றிய பதில்கள் இவை. விண்டோஸும் மேக்கும் தேவையான இடத்தில் வரும். பைட் மதிப்புகளை எல்லாம் பதின்ம எண்ணாகவே எழுதியிருக்கிறேன்.

"ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு" என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். தனக்குத் தெரிந்த வடிவங்கள் எதோடும் இந்தக் கோப்பு பொருந்தவில்லை என்று மட்டுமே கோப்பைப் படிக்கும் அந்த மென்பொருள் கருவி சொல்கிறது. கோப்பு சரியாக இருந்து, கருவிக்குத்தான் அந்த வடிவம் தெரியாமலும் இருக்கலாம்.

சாதாரண இன்டெல் லேப்டாப்பில் இருக்கும் ஆப்ஜ்டம்ப் (கோப்பின் உள்ளே பார்க்கும் கருவி), ராஸ்பெர்ரி பையில் உள்ள ஏஆர்எம் சில்லுக்கான கோப்பைக் கொடுத்தால் பொதுவான 32 பிட் ஈஎல்எஃப் (லினக்ஸின் வழக்கமான நிரல் கோப்பு வடிவம்) என்று மட்டும் சொல்லும். கட்டமைப்பு 'அன்நோன்' என்று கைவிரித்துவிடும். அதே கோப்பை, துண்டுகளை இணைத்து ஒரே நிரலாக்கும் லிங்கரிடம் கொடுத்தால் "ரீலொக்கேஷன்ஸ் இன் ஜெனரிக் ஈஎல்எஃப்" என்று திட்டிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஈஎம் என்று போட்டு 40 அல்லது 183 என ஓர் எண்ணைக் காட்டும். நிறையப் பேர் அந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. விடை அதில்தான் இருக்கிறது: 40 என்றால் 32 பிட் ஏஆர்எம், 183 என்றால் 64 பிட் ஏஆர்எம். அதாவது கோப்பில் குறை இல்லை. நீங்கள் பயன்படுத்தும் லிங்கர்தான் வேறு சில்லுக்கானது.

ஆப்ஜ்டம்ப் கட்டளையோடு சிறிய ஐ என்ற விருப்பக் கொடியைச் சேர்த்தால் அதற்குத் தெரிந்த வடிவங்களைப் பட்டியலிடும். டெபியன், உபுண்டுவில் பினுடில்ஸ்-மல்டிஆர்ச் பொதியை நிறுவினால் பட்டியல் நீளும். எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு தரும் ஆப்ஜ்டம்ப் பொதுவாகப் பல சில்லுகளையும் ஒன்றாகவே தெரிந்து வைத்திருக்கும். வெறுமனே பார்ப்பதற்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது?

பெயரின் வாலைப் பார்க்காதீர்கள். ".எஸ்ஓ", ".ஏ", ".லிப்" எல்லாம் ஆள் வைத்த பெயர்கள். முதல் 20 பைட்டைப் பாருங்கள். ஓடி என்ற கட்டளை எல்லா லினக்ஸிலும் உண்டு. அதில் பைட்டுகளைப் பதின்மமாகக் காட்டும்படி சொல்லுங்கள். இப்படி வரும்:

127 69 76 70 1 1 1 0 0 0 0 0 0 0 0 0 1 0 40 0

முதல் நான்கும் ஈஎல்எஃப் முத்திரை: 127, பிறகு ஈ, எல், எஃப் எழுத்துகளின் எண்கள். ஐந்தாவது பைட் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். ஆறாவது 1 என்றால் சிறிய பைட் முன்னால் வரும் வரிசை, 2 என்றால் பெரிய பைட் முன்னால். பதினேழாவதில் கோப்பின் வகை: 1 என்றால் இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட், 2 என்றால் இயங்கும் நிரல், 3 என்றால் பகிரப்படும் லைப்ரரி. பத்தொன்பதாவதில் சில்லு: 3 என்றால் பழைய 32 பிட் இன்டெல், 40 என்றால் ஏஆர்எம், 62 என்றால் 64 பிட் இன்டெல்-ஏஎம்டி, 183 என்றால் 64 பிட் ஏஆர்எம், 243 என்றால் ரிஸ்க்-ஃபைவ்.

வகையும் சில்லும் 32 பிட் கோப்பிலும் 64 பிட் கோப்பிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். இதற்கு அப்பால் இரண்டும் பிரிந்துவிடும். 32 பிட் கோப்பின் தலைப்பகுதியான ஹெட்டர் 52 பைட், 64 பிட் ஹெட்டர் 64 பைட்.

127-ல் தொடங்கவில்லை என்றால்:

33 60 97 114: பல கோப்புகளை ஒன்றாக அடுக்கிய ஆர்க்கைவ், உள்ளே என்ன என்பது தனிக் கேள்வி
77 90: விண்டோஸ் நிரல் அல்லது டிஎல்எல்
100 134: விண்டோஸின் 64 பிட் காஃப் ஆப்ஜெக்ட்
76 1: அதன் 32 பிட் வடிவம்
207 250 237 254: மேக்கின் 64 பிட் மாக்-ஓ
202 254 186 190: பல சில்லுகளுக்கும் சேர்த்த மேக் கோப்பு, அல்லது ஜாவா கிளாஸ்
66 67 192 222: எல்எல்விஎம் பிட்கோடு, கம்பைலரின் இடைநிலை வடிவம்
31 139: ஜிஜிப், இன்னும் பிரிக்கவே இல்லை
60 33: வலைப்பக்கம்

202 254 வரிசையில் மட்டும் ஒரு சிக்கல். மேக்கும் ஜாவாவும் ஒரே முத்திரையைப் பயன்படுத்துகின்றன. அடுத்த நான்கு பைட்டையும் ஒரே எண்ணாக, பெரிய பைட் முன்னால் வைத்துப் படியுங்கள். மேக் என்றால் அது எத்தனை சில்லுகள் என்ற எண்ணிக்கை, 2 அல்லது 3 என்று சிறியதாக இருக்கும். ஜாவா என்றால் பதிப்பு எண், 45-க்குக் குறையாது.

வலைப்பக்கம் எப்படி லைப்ரரி பெயரில் வந்து உட்காரும்?

படகுத்துறையில் செல்போன் நெட்டை வைத்துக் கட்டளை வழியாக இறக்கியிருப்பீர்கள். முகவரி மாறியிருந்தாலோ உள்நுழையச் சொன்னாலோ, வந்த பக்கத்தை அப்படியே நீங்கள் கொடுத்த பெயரில் சேமித்துவிடும். ஆர்க்கைவ் 33 60 என்று தொடங்கும், வலைப்பக்கம் 60 33 என்று தொடங்கும். வேகமாகப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும்.

இன்னொன்று கிட் எல்எஃப்எஸ். பெரிய கோப்புகளைத் தனியாக வைக்கும் அந்த நீட்சி உங்கள் கணினியில் இல்லையென்றால், லைப்ரரிக்குப் பதிலாக நூற்றுச் சொச்சம் பைட்டில் ஓர் உரைச்சீட்டு மட்டும் வரும். அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் 20 பைட்டும் சரி. ஆனாலும் ஈஎல்எஃப்பைப் படித்துக் காட்டும் ரீட்எல்ஃப் "கோப்பின் எல்லையைத் தாண்டுகிறது" என்கிறது.

கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. ஈஎல்எஃப்பில் செக்ஷன் அட்டவணை, அதாவது உள்ளே எந்தப் பகுதி எங்கே என்ற பட்டியல், வழக்கமாகக் கோப்பின் கடைசியில்தான் உட்காரும். தலைப்பகுதி முழுசாக இருந்தாலும் வால் போயிருந்தால் ரீட்எல்ஃப் இப்படித்தான் புலம்பும்.

படகில் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. பலகைக்கும் எஞ்சின் ஸ்டார்ட்டருக்கும் ஒரே பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று விழும், பலகை அணைந்து எழும். அந்த நேரம் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும். நகல் முடிந்துவிட்டது என்று திரை காட்டியதும் பென் டிரைவைப் பிடுங்குவதும் இதே பலனைத் தரும். மீதியை எழுதி முடிக்கச் செய்யும் சிங்க் கட்டளை கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். மூலக் கோப்புக்கும் நகலுக்கும் ஷா-256 கூட்டுத்தொகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

".ஏ" கோப்பில் என்ன இருக்கிறது? என் பார்சர் (கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல்) முதல் ஆப்ஜெக்டைப் படிக்கிறது, இரண்டாவதில் விழுந்துவிடுகிறது.

".ஏ" என்பது ஐஸ் பெட்டி மாதிரி. பெட்டியின் வடிவம் வேறு, உள்ளே அடுக்கிய மீன் வேறு. பெட்டியைத் திறக்கத் தெரிந்ததாலேயே உள்ளே இருப்பது இன்ன மீன் என்று சொல்லிவிட முடியாது.

பெட்டியின் அமைப்பு எளிது. முதலில் 8 பைட் முத்திரை. பிறகு ஒவ்வோர் உறுப்புக்கும் 60 பைட் தலைப்பு: பெயருக்கு 16, நேரத்துக்கு 12, உரிமையாளர் எண்ணுக்கு 6, குழுவுக்கு 6, அனுமதிக்கு 8, அளவுக்கு 10, கடைசியில் 96, 10 என்ற இரண்டு பைட். அளவு இருமமாக அல்ல, சாதாரண இலக்க எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கும். தலைப்பு முடிந்ததும் உறுப்பின் உள்ளடக்கம்.

இரண்டாவதில் விழுவதற்கு முதல் காரணம் ஒற்றைப்படை அளவு. ஒவ்வொரு தலைப்பும் இரட்டைப்படை இடத்தில்தான் தொடங்க வேண்டும். உறுப்பின் அளவு 1,357 என்றால் அடுத்து ஒரு பைட் நிரப்பி இருக்கும், அதைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டாவிட்டால் 96, 10 இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வரும். அந்த இரண்டு பைட்டை ஒவ்வொரு முறையும் சரிபார்க்காத பார்சரை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது பெயர். 16 எழுத்துக்குள் அடங்காத பெயரை இரண்டு மரபுகள் இரண்டு விதமாகச் சமாளிக்கின்றன. லினக்ஸில் வழங்கும் குனு மரபில் நீளப் பெயர்கள் எல்லாம் இரட்டைச் சாய்கோட்டைப் பெயராகக் கொண்ட தனி உறுப்பில் இருக்கும். தலைப்பில் ஒரு சாய்கோடும், அந்த உறுப்பில் எந்த இடம் என்ற எண்ணும் மட்டும் வரும். பிஎஸ்டி மரபில், மேக்கிலும் அதுதான், பெயர்ப் பகுதியில் #1/20 என்று இருக்கும். அடுத்து வரும் 20 பைட்டும் பெயர், அதற்குப் பிறகே ஆப்ஜெக்ட் என்று பொருள். தலைப்பில் சொன்ன அளவில் அந்த 20-ம் அடக்கம். இதைக் கழிக்காமல் படித்தால் 127-ஐ எதிர்பார்த்த இடத்தில் கோப்பின் பெயர் இருக்கும். உடனே பார்சர் "வடிவம் தெரியவில்லை" என்று சொல்லிவிடும்.

குனு மரபில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் பெயராக உள்ள முதல் உறுப்பு ஆப்ஜெக்ட் அல்ல, சிம்பல் அட்டவணை, அதாவது உள்ளே உள்ள செயற்கூறு, மாறி பெயர்களின் பட்டியல். சிறிய பைட் முன்னால் வரும் சில்லுக்கான லைப்ரரியாக இருந்தாலும், இந்த அட்டவணையின் எண்கள் பெரிய பைட் முன்னால்தான் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸின் ".லிப்" கோப்பில் அதே பெயரில் அடுத்தடுத்து இரண்டு உறுப்புகள் வரும். முதலாவது பெரிய பைட் முன்னால், இரண்டாவது சிறிய பைட் முன்னால். யாரோ வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும்.

முத்திரையில் 'ஆர்ச்' எழுத்துகளுக்குப் பதில் 'தின்' எழுத்துகள், அதாவது 116 104 105 110, இருந்தால் அது மெலிந்த ஆர்க்கைவ். உறுப்புகளின் உள்ளடக்கம் அதில் இருக்காது. அவை எந்தப் பாதையில் உள்ளன என்ற குறிப்பு மட்டும்தான். ".ஏ" கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்தால் ஒன்றும் வராது.

டெபியனின் ".டெப்" பொதியும் இதே பெட்டிதான். ரஸ்ட் மொழியின் லைப்ரரியும் அப்படித்தான். ஆகவே ஒவ்வோர் உறுப்பின் முதல் சில பைட்டுகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் மின்ஜிடபிள்யூ (விண்டோஸ் நிரல் செய்யும் ஜிசிசி) வைத்து ".ஏ" செய்தேன். ராஸ்பெர்ரி பையில் இணைக்க மறுக்கிறது. இரண்டுமே ஜிசிசி கம்பைலர்தானே?

கம்பைலர் ஒரே குடும்பம்தான், ஆனால் உள்ளே இருப்பது காஃப். ஒரு உறுப்பை வெளியே எடுத்துப் பாருங்கள், 100 134 என்று தொடங்கும். லினக்ஸுக்காக மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதுதான். வடிவத்தை மாற்றும் கருவிகளைத் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். உள்ளே இருப்பது இன்டெல் சில்லின் கட்டளைகள். உறையை மட்டும் மாற்றி என்ன பயன்?

அண்ணே, பலகை 64 பிட்டுனு காட்டுது. 64 பிட் லைப்ரரி போட்டா "ராங் ஈஎல்எஃப் கிளாஸ்" வருது. எப்படி?

தம்பி, யூநேம் கட்டளை காட்டுவது இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பற்றி. ராஸ்பெர்ரி பையின் 32 பிட் இயங்குதளம், பை 4 போன்ற பலகைகளில் 64 பிட் கெர்னலோடு எழுவது உண்டு. கெர்னல் 64, அதன் மேல் உள்ள நிரல்கள் எல்லாம் 32. உங்கள் நிரல் அந்த 32-ல்தான் ஓடுகிறது. பலகையிலேயே இருக்கும் எல்எஸ் கட்டளையின் கோப்பை எடுத்து ஐந்தாவது பைட்டைப் பாருங்கள். 1 என்றால் 32 பிட் லைப்ரரிதான் வேண்டும்.

32 பிட் ஏஆர்எம்மில் இன்னொரு பிரிவும் உண்டு: தசம எண்களைச் சில்லுக்குள் அவற்றுக்கென்றே உள்ள மிதவைப்புள்ளிப் பதிவேடுகளில் அனுப்புவதா, சாதாரணப் பதிவேடுகளில் அனுப்புவதா என்பது. கலந்தால் லிங்கர் "விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்க்யுமென்ட்ஸ்" என்று ஆரம்பித்து, ஒன்று பயன்படுத்துகிறது மற்றது பயன்படுத்தவில்லை என்று சொல்லும். பகிரப்படும் லைப்ரரி என்றால் 37 முதல் 40 வரை உள்ள பைட்டுகள் வழக்கமாக 0 4 0 5 என்றால் முதல் வகை, 0 2 0 5 என்றால் இரண்டாம் வகை. இணைக்கப்படாத ஆப்ஜெக்டில் அந்தக் கொடி இருக்காது. ரீட்எல்ஃப்பில் பெரிய ஏ கொடி போட்டு ஏஆர்எம் பண்புகளைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பொருந்தியும் ஓடும்போது "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்றால் பலகை பழையதா என்று பாருங்கள். முதல் பையும் பை ஜீரோவும் ஏஆர்எம்வி6. டெபியனின் ஏஆர்எம்எச்எஃப் பொதிகள் ஏஆர்எம்வி7-க்கு. ராஸ்பெர்ரி பையின் சொந்த ஏஆர்எம்வி6 பொதிகளுக்கும் இதே பெயர் என்பதால் மாற்றி எடுத்துவிடுவது சகஜம்.

லிங்கர் "கேனாட் ஃபைன்டு" என்கிறது. கோப்பு கண்முன்னால் இருக்கிறதே!

மேலே இரண்டு மூன்று வரி ஏறிப் பாருங்கள். "ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்" என்று ஒரு வரி இருக்கும். கோப்பைக் கண்டுபிடித்தது, சில்லு பொருந்தாததால் விட்டுவிட்டு அடுத்த பாதைக்குப் போனது, வேறெங்கும் கிடைக்காமல் கடைசியில் இப்படிச் சொன்னது. பாதையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

".எஸ்ஓ" கோப்பைத் திறந்தால் எழுத்தாக இருக்கிறது.

அது லிங்கர் ஸ்கிரிப்ட், கெட்டுப்போகவில்லை. லினக்ஸில் சி மொழி லைப்ரரியின் மேம்பாட்டுப் பொதியில் வரும் லிப்சி ".எஸ்ஓ" பல இடங்களில் இப்படித்தான், உண்மையான கோப்பு எங்கே என்று சொல்லும் சில வரிகள். லிங்கருக்கு இது புரியும். பைத்தானிலிருந்து சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக நேரடியாகத் திறந்தால் "இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெட்டர்" என்று வரும். எண்ணோடு முடியும் உண்மையான கோப்பை, இங்கே ".எஸ்ஓ.6" என்பதை, திறங்கள்.

சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளை "ப்ளகின் நீடட்" என்கிறது, சிம்பல் எதுவும் காட்டவில்லை.

இணைக்கும் நேரத்தில் மேம்படுத்தும் எல்டிஓ வசதியோடு கம்பைல் செய்திருக்கிறார்கள். ஜிசிசி என்றால் வெளியே ஈஎல்எஃப், உள்ளே இயந்திரக் குறிமுறைக்குப் பதில் கம்பைலரின் இடைநிலை வடிவம். ஆர்க்கைவ் செய்யும் ஏஆர், என்எம் ஆகியவற்றுக்குப் பதிலாக ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-என்எம் பயன்படுத்துங்கள். எல்எல்விஎம்மின் கம்பைலரான கிளாங் என்றால் ஆப்ஜெக்ட் பெயரிலேயே நேரடிப் பிட்கோடு இருக்கும்: 66 67 192 222.

இதில் இன்னொரு தொல்லை, இடைநிலை வடிவம் கம்பைலர் பதிப்போடு மாறும். வெளியாருக்குக் கொடுக்கும் லைப்ரரியை எல்டிஓவில் மட்டும் செய்து கொடுப்பது சரியான பழக்கம் இல்லை என்பது என் கருத்து. கொடுத்தவரிடம் எல்டிஓ இல்லாமலோ, இயந்திரக் குறிமுறையும் இடைநிலை வடிவமும் சேர்ந்த 'ஃபேட்' ஆப்ஜெக்டாகவோ கேளுங்கள்.

சில்லும் வடிவமும் சரி. கருவி பழையது என்பதால் சிக்கல் வருமா?

வரும். கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணினிகளில் அடிக்கடி பார்ப்பது "அன்ரெகக்னைஸ்டு ரீலொக்கேஷன்" என்ற செய்தி. அதோடு பதினறும எண் ஒன்று வரும், பதின்மத்தில் 42. ரீலொக்கேஷன் என்பது இணைக்கும்போது முகவரியைத் திருத்தச் சொல்லும் குறிப்பு; 64 பிட் இன்டெல்லுக்கான இந்த வகை, லிங்கர் அடங்கிய பினுடில்ஸ் தொகுப்பின் 2016-ல் வந்த 2.26 பதிப்பில் புகுந்தது. அதற்கு முந்தைய லிங்கருக்கு அது தெரியாது. லிங்கரைப் புதுப்பிப்பதுதான் வழி.

பிழைதிருத்தத் தகவலிலும் இதே கதை. ஜிசிசி 11-லிருந்து அந்தத் தகவலுக்கு டுவார்ஃப் 5 என்ற வடிவம்தான் இயல்பு. பிழைதிருத்தும் கருவியான ஜிடிபியின் பழைய பதிப்பும் சில பார்சர்களும் அதில் தடுமாறும். மூலம் உங்களிடம் இருந்தால் டுவார்ஃப் 4 கேட்டுக் கம்பைல் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ரிப் கட்டளையில் பிழைதிருத்தப் பகுதியை மட்டும் நீக்குங்கள். மட்டும் என்பது முக்கியம். ".ஏ" கோப்பில் எல்லா சிம்பலையும் நீக்கினால் அப்புறம் எதோடும் இணைக்க முடியாது.

"ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்பதும் வடிவச் சிக்கலா?

இல்லை. கோப்பை முழுசாகப் படித்த பிறகு வரும் புகார் அது. புதிய இயங்குதளத்தில் கம்பைல் செய்து பழையதில் ஓட்டுகிறீர்கள். ஜிலிப்சி என்பது லினக்ஸின் சி மொழி லைப்ரரி, அதன் 2.34 பதிப்பு 2021 ஆகஸ்ட்டில் வந்தது. பழைய தளத்திலேயே கம்பைல் செய்யுங்கள்.

ப்ராஜெக்டுக்காக நானே பார்சர் எழுதுகிறேன். எதில் கவனம்?

விண்டோஸில் கோப்பை இருமமாகத் திறக்க மறந்தால், சி நிரல் 26 என்ற பைட்டைக் கண்டதும் கோப்பு முடிந்ததாக நினைத்துவிடும். 13, 10 ஜோடி 10 ஆகச் சுருங்கும். முதலில் இதைப் பாருங்கள்.

64 பிட் அமைப்பை மட்டும் எழுதிவிட்டு 32 பிட் கோப்பைப் படிப்பது அடுத்தது. செக்ஷன் அட்டவணை எங்கே என்று சொல்லும் எண், தொடக்கத்திலிருந்து 32 பிட்டில் 32 பைட் தள்ளியும் 64 பிட்டில் 40 பைட் தள்ளியும் இருக்கும்.

செக்ஷன் எண்ணிக்கை 0 என்று வந்தால் உடனே "செக்ஷன் இல்லை" என்று முடிக்காதீர்கள். அட்டவணை இருக்கும் இடம் 0-ஆக இல்லாவிட்டால், 65,280 அல்லது அதற்கு மேல் செக்ஷன்கள் உள்ளன என்று பொருள். உண்மையான எண்ணிக்கை முதல் செக்ஷனின் அளவுப் புலத்தில் இருக்கும். பெரிய சி++ நிரல்களில் இது நடக்கிறது.

கோப்பு சொல்லும் எந்த இடத்துக்கும் போவதற்கு முன் அது கோப்பின் அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டும்போது எண் நிரம்பி வழிந்து சிறியதாகிவிடும். ஆகவே அளவிலிருந்து கழித்து ஒப்பிடுங்கள்.

ஈஎல்எஃப் மட்டும் போதும் என்றால் பைத்தானில் பைஎல்ஃப்டூல்ஸ், மற்ற வடிவங்களும் வேண்டும் என்றால் லீஃப். மதிப்பெண்ணுக்காக எழுதினாலும், உங்கள் பார்சரின் விடையை ரீட்எல்ஃப் விடையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டுச் சமர்ப்பியுங்கள்.

விற்றவரிடம் சரியான லைப்ரரியை எப்படிக் கேட்பது?

"உங்கள் லைப்ரரி வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பழைய கோப்பையே திருப்பி அனுப்புவார். பலகையின் பெயர், அதிலுள்ள எல்எஸ் கோப்பின் முதல் 20 பைட், ஜிலிப்சி பதிப்பு, அவர் தந்த கோப்பின் முதல் 20 பைட், ஷா-256 கூட்டுத்தொகை, முதல் பிழைச் செய்தி ஆகிய ஆறையும் உரையாகவே அனுப்புங்கள். செல்போனில் திரையைப் படமெடுத்து அனுப்பினால் பாதி எண் வெயில் பட்டுத் தெரியாது. தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கேட்காமல் மே முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். ஜூன் 15 அன்று படகு போய்விடும், பலகையும் அதோடு போய்விடும்.